தொடலாம், பார்க்கக் கூடாது

உங்களில் யாருக்காவது வாழ்க்கையில் ஒருமுறைகூட மெட்ராஸ் ஐ வந்ததில்லை என்றால் கையைத் தூக்குங்கள். தூக்கிய கையை அப்படியே கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், பேசலாம்.

நான் ஐம்பதைத் தொட்டுவிட்டவள். இதைப் படிக்கிற நீங்களும் அந்தப் பக்கம்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். காலையில் முழிப்பு வந்தும் கண்ணைத் திறக்க முடியாமல், இமை இரண்டும் பீளையில் ஒட்டிக்கொண்டு, “அம்மா, கண்ணு தொறக்க மாட்டேங்குது” என்று பாயில் உட்கார்ந்து கத்தியவர்கள் நாம். அப்போது நம் வீடுகளில் முதலில் வந்த வார்த்தை என்ன? “அவன் கண்ணப் பாக்காத, ஒட்டிக்கும்.” தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இதை நம்பாத வீடு ஒன்று இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். படித்தவர்கள் வீட்டில் இதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடத்தில் கண் சிவந்தவர்களை டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். லீவு வேண்டும் என்று எங்கள் வகுப்பில் நாலைந்து பேர், கண் சிவந்த பையனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து வெறித்து வெறித்துப் பார்த்தோம். நானும்தான். அவனும் பாவம், எங்களுக்கு உதவி செய்கிறோம் என்று கண்ணைச் சிமிட்டாமல் அகல விரித்துக் காட்டினான். ஒருத்தருக்கும் வரவில்லை. வகுப்பில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் ரப்பரைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு வந்தது. இவன் எங்களோடு எதிரே உட்கார்ந்து பார்த்தவன்கூட இல்லை. அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். யோசிக்கிற வயது எங்களுக்கு இல்லை, யோசிக்கிற வயதில் இருந்தவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன.

எங்கள் வீட்டின் கவலையைச் சொல்கிறேன். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் ஓட்டு வீடு. இரண்டு அறை, பின்னால் கொல்லை. அப்பா, அம்மா, அண்ணன், நான், அப்பாவின் அக்காவான அத்தை. அப்பா கிண்டியில் ஒரு கம்பெனியில் வெல்டர். அந்த வருடம் கம்பெனிக்காரர்கள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். பிறகு போகவில்லை. பிறகு மண்ணடி ஏஜென்ட் ஒருவர் மூலமாக மஸ்கட்டில் வேலை கிடைத்தது.

ஏஜென்ட் ஒருநாள் வீட்டுக்கே வந்து, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ பரவ ஆரம்பித்திருந்த சமயம் அது.

“தோ பாரு தலைவரே, அங்க எறங்குனதும் ஒரு டாக்டரு நிப்பான். கண்ணப் பாப்பான், நாக்கப் பாப்பான். கண்ணு செவப்பா கீதுன்னு வெச்சுக்கோ, அதே பிளேன்ல ரிட்டன். அப்பால என்னாண்ட வந்து அழுதுகினு நிக்காத, சொல்ட்டேன்.”

அவ்வளவுதான். அப்பாவின் கண் வெள்ளையாக இருக்க வேண்டும், பிளேன் ஏறுகிற வரைக்கும். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு, படிப்பு, சாமி எல்லாம். வேடிக்கை என்னவென்றால், வெல்டிங் வெளிச்சம் பட்டு அப்பாவின் கண் சிவந்து வீங்கி வந்த ராத்திரிகள் எத்தனையோ உண்டு. அம்மா உருளைக்கிழங்கை அரிந்து கண்ணில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவாள். அந்தச் சிவப்புக்கு வீட்டில் யாரும் பயந்ததில்லை.

ஏஜென்ட் வந்துபோன வாரமே அண்ணனுக்குக் கண் சிவந்தது.

அப்பாவை வேறெங்காவது தங்க வைக்கலாம் என்று பேச்சு வந்தது. குரோம்பேட்டையில் அம்மாவின் தம்பி வீட்டில் எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது. கிண்டியில் அப்பாவின் கூட்டாளி வீட்டிலும் அதே கதை. எங்கே போனாலும் மெட்ராஸ் ஐதான். அப்போது அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று சட்டம் போட்டாள்.

“இன்னிலேந்து அவன் பிளேன் ஏர்ற வரைக்கும் ஒருத்தரும் அவன் மூஞ்சப் பாக்கக் கூடாது. கண்ணு செவந்தவங்க மட்டும் இல்ல, எல்லாரும். எவளுக்கு உள்ள வந்து ஒக்காந்துகினு கீதோ யாருக்குத் தெரியும்? அவன் வந்தா தலயக் குனி, இல்ல செவுத்தப் பாரு. தெர்தா?”

அத்தையைத் திட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவள் முகம் நிறைய பெரியம்மைத் தழும்பு. அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால்தான் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். பார்வையைப் பற்றி அவளுக்குச் சொந்தமாகச் சில முடிவுகள் இருந்திருக்கும். அப்போது எனக்கு அது தெரியாது. அவள் மேல் கோபம்தான் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

வீடு புது வழக்கத்துக்குப் பழகிக்கொண்டது. அப்பா தெருவிலிருந்து வரும்போது கேட்டைத் தட்டி, “வந்துட்டேன்” என்று சத்தம் கொடுப்பார். நாங்கள் எல்லாரும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வோம். அவர் எங்களைத் தாண்டி உள் அறைக்குப் போவார். அம்மா தலையைக் குனிந்தபடி தட்டை வைப்பாள். குழம்பு தட்டுக்குள் விழுகிறதா என்று பார்த்து ஊற்றுவாள், அவரைப் பார்க்க மாட்டாள். முதல் நாள் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவே, “இன்னாடா இது, மாமியா வூட்டுக்குப் புதுசா வந்தவன் மாதிரி கீது” என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் காரை பெயர்ந்து ஒரு மாம்பழ வடிவம் இருந்தது. அதன் ஓரத்தில் நீலச் சுண்ணாம்பு, அதற்கு அடியில் பழைய மஞ்சள், அதற்கும் அடியில் செங்கல். அந்தச் சுவரை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

கூலிங் கிளாஸ் ஒன்று இருந்தது. வெளிநாடு போகிறோமே என்று அப்பா பர்மா பஜாரில் வாங்கியது. தங்க நிறக் கம்பி, காப்பி நிறக் கண்ணாடி. அதற்கு ஒரு ரெக்சின் பை, திறந்தால் புது செருப்புக் கடை வாசனை வரும். கண் சிவந்தவர்கள் அப்பா வீட்டில் இருக்கும்போது அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அத்தையின் இரண்டாவது சட்டம். தலை குனிய மறந்து நிமிர்ந்துவிட்டாலும் கண்ணாடி தடுத்துவிடுமாம். முதலில் அண்ணன் போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு அம்மாவுக்குக் கண் சிவந்தது. நூல் புடவையும் தங்கக் கம்பி கூலிங் கிளாஸுமாக அம்மா கொல்லையில் மீன் கழுவியதை எதிர்வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் எனக்கு வந்தது. என் மூக்கில் அது நிற்கவில்லை, அத்தை பின்னால் ஒரு நாடா கட்டிவிட்டாள்.

வைத்தியமும் நடந்தது. அத்தை விடிகாலையில் நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து, சொம்புத் தண்ணீரில் போட்டு, மூடிய கண் மேல் வைப்பாள். அந்தக் குளிர்ச்சியை என்னவென்று சொல்வது! மண்ணை அள்ளிப் போட்டதுபோல் நறநறத்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குள் யாரோ கதவைச் சாத்தினதுபோல் ஒரு அமைதி. அண்ணன் கண்ணில் வைத்த பூவையே திரும்பச் சொம்பில் நனைத்து எனக்கு வைப்பாள். சாமிக்கு வைக்கிற பூவை வீணாக்கக் கூடாதாம். அம்மா வெந்நீரில் முந்தானையின் ஓரத்தை நனைத்துப் பிழிந்து, பீளையைத் துடைத்துவிடுவாள். முதலில் அண்ணனுக்கு, பிறகு எனக்கு, பிறகு தனக்கு. அதே முந்தானையில் கை துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அந்த முந்தானையில் மஞ்சளும் புளியும் சோப்பும் கலந்த வாசனை இருக்கும். கொடியில் ஒரே ஒரு துண்டு தொங்கும், முகம் கழுவியவர்கள் எல்லாரும் அதில் துடைத்துக்கொள்வோம். அப்பாவும்தான்.

இதில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அந்த வீட்டில் அந்த நாட்களில் எல்லாருமே அளவுக்கு மீறிக் கவனமாக இருந்தார்கள். கவனம் முழுக்க ஒரு பக்கம் போய்விட்டது.

ஒரு நாள் வெயில் சாய்கிற நேரத்தில் நான் கொல்லையில் துணி துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தேன். முருங்கை மரத்தின் நிழல் காலடியில் கிடந்தது. என் கண் இரண்டும் நன்றாகச் சிவந்திருந்தது. கூலிங் கிளாஸை அண்ணன் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். நான் இரண்டு புறங்கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். கசக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும், கசக்காமல் இருந்தவர் யார்? பின்னால், “வந்துட்டேன்” என்று குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. அப்பா வந்து கல்லின் அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் முதுகு என் முதுகில் பட்டது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

“எந்தக் கண்ணு?” என்றார்.

“ரெண்டும்.”

“எரிதா?”

“நறநறங்குது.”

பிறகு அவர் கை பின்பக்கமாக வந்து, கல்லின் மேல் மல்லாந்து கிடந்தது.

“கையக் குடு.”

“அத்தை திட்டும்.”

“உங்க அத்தை பாக்கக் கூடாதுன்னுதான சொன்னா? தொடக் கூடாதுன்னு சொல்லலியே.”

நியாயம்தான். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த கையை, ஈரத்தோடு, அவர் கையில் வைத்தேன். வெல்டர் கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, பொறி தெறித்த சின்னச் சின்னப் புள்ளிகள். இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே ஏர்ஃபோர்ஸ் பிளேன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிளேன் ஒன்றும் அதிசயமில்லை. தலைக்கு மேல் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும்.

“நான் போறது இத விடப் பெர்சு,” என்றார் அப்பா. “அங்கேந்து உனக்கு இன்னா வாங்கினு வரணும்?”

ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டுப் பிளேனைப் பார்க்க எழுந்து நின்றார். அவர் நிழல் என் பக்கமாக, முருங்கை நிழலுக்கு அப்பால் நீண்டு விழுந்திருந்தது. அந்த நிழல் கையைத் தூக்கியது, நெற்றியைத் துடைத்தது, கண்ணைக் கசக்கியது. வெயில் கூசியிருக்கும், அல்லது வேறு ஏதாவது. நிழலைப் பார்க்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருக்கவில்லை, அதனால் பார்த்தேன்.

ஏர்போர்ட்டுக்குப் போன நாள் வேன் நிறைய ஆட்கள். அப்போதெல்லாம் ஒருவர் பிளேன் ஏறினால் தெருவே மீனம்பாக்கம் போகும், உங்களுக்கு நினைவிருக்கும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் கண் தெளிந்திருந்தது. எனக்கு மட்டும் இன்னும் சிவப்புதான். கண்ணாடியை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி சீட்டில், ஜன்னல் பக்கம் திரும்பியபடி, பல்லாவரம் மலை காப்பி நிறத்தில் போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில், சஃபாரி உடையில். கஞ்சி வாசனையும் பவுடர் வாசனையும் பின்சீட்டு வரைக்கும் வந்தது.

ஏர்போர்ட் வாசலில் ஏஜென்ட் காத்திருந்தார். அப்பாவின் கண்ணைக் கிட்ட வந்து பார்த்து, “சூப்பரா கீது” என்றார். அத்தை ரோட்டோரத்திலேயே விழுந்து கும்பிட்டாள். சட்டம் ஜெயித்துவிட்டது. யாரோ அப்பாவுக்கு மாலை போட்டார்கள். யாரோ, “கூலிங் கிளாஸ் எங்கப்பா, அதப் போட்டுகினு போனாத்தான் கெத்து” என்றார்கள். அம்மா என் பின்மண்டையில் நாடாவை அவிழ்த்து, கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் ரெண்டு பக்கமும் நன்றாகத் துடைத்து, ஊதி, மறுபடியும் துடைத்து, கீழே பார்த்தபடி அப்பாவிடம் நீட்டினாள்.

கண்ணாடி இல்லாமல் நான் நின்றேன். அத்தையின் உள்ளங்கை வந்து என் கண்ணைப் பொத்தியது. அப்பா என் எதிரே குந்தினார் என்பது பவுடர் வாசனையில் தெரிந்தது. மீசை நெற்றியில் குத்தியது. மாலையிலிருந்து ஒரு சாமந்தி இதழ் என் சட்டைக்குள் விழுந்தது.

“போய்ட்டு வரேன்,” என்றார்.

அத்தையின் விரல்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பார்த்திருக்கலாம். நான் அந்தக் கைக்கு உள்ளேயும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னால் பிளேன் திரும்பி வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரிந்தது. கை எடுக்கப்பட்டபோது எதிரே யாரோ ஒரு அம்மாளின் சூட்கேஸ் நின்றிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நிறைய ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள், எல்லாரும் முதுகு.

நான் அழவில்லை. அண்ணன் அழுதான். வேனில் திரும்பி வரும்போது எனக்குத் தூக்கம் வந்தது.

சில மாதம் கழித்து, மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பேசி அனுப்பியது. எதிர்வீட்டு அக்காவிடம் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, கூடத்தில் நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்தோம். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். எல்லாரையும் விசாரித்தார். அப்புறம் சொன்னார்:

“இங்க வந்து கொஞ்ச நாள்லயே கண்ணு செவந்துடுச்சு. ஏர்போர்ட்டுல ஒருத்தனும் பாக்கல, அது ஒண்ணும் பிரச்சன இல்ல. ரூம்லதான் பசங்க பயந்துட்டானுங்க. மொட்ட மாடில பாயப் போட்டுக் குடுத்துட்டானுங்க. இப்ப தேவல. யாரும் கவலப்படாதீங்க.”

அத்தை ஸ்டாப் பட்டனை அமுக்கினாள்.

“எவ பாத்தது?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை நாள் சுவரைப் பார்த்துப் பழகிய வீட்டில் ஒரே நேரத்தில் அத்தனை கண்ணும் என் மேல்.

“நான் பாக்கல அத்தை.”

“பின்ன எப்டி வந்துச்சு? ஆகாசத்துலேந்து குதிச்சுதா? என் வெரல் சந்துல பாத்துகினு இருந்திருக்க.”

“பாக்கல.”

“வுடுங்க அண்ணி, சின்னப் புள்ள,” என்றாள் அம்மா. அதற்கு, சின்னப் பிள்ளை பார்த்துத்தான் விட்டது, மன்னித்து விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வீட்டில் அது முடிவான விஷயமாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் சிவந்தது இவள் பார்த்ததால். கல்யாண வீடுகளில்கூட சிரித்துக்கொண்டே சொல்வார்கள். “மஸ்கட் வரைக்கும் மெட்ராஸ் ஐ அனுப்பிச்சவ இவதான்.” நான் மறுத்து மறுத்து, ஒரு வயதுக்கு மேல் மறுப்பதை விட்டுவிட்டேன். அந்தக் கேசட்டின் மேல் அண்ணன் பிறகு சினிமாப் பாட்டு ரெக்கார்டு செய்துகொண்டான். கூலிங் கிளாஸ் திரும்பி வரவே இல்லை, அங்கே யாரோ கேட்டார்கள் என்று கொடுத்துவிட்டாராம்.

அப்பா லீவில் வந்தார், போனார், வந்தார். கடைசியில் ஒரேயடியாக வந்தார். அதற்குள் நான் ஆபீஸுக்குப் போகிறவளாக ஆகியிருந்தேன். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவர் டிவியைப் பார்த்துப் பேசுவார், நான் கீரையைப் பார்த்துப் பேசுவேன். அத்தை போனாள், அம்மா போனாள், அண்ணன் கோயம்புத்தூரோடு இருந்துவிட்டான். அப்பா இப்போது செம்பாக்கத்தில் என் ஃபிளாட்டில் என்னோடு இருக்கிறார். பால்கனியிலிருந்து ஏரி தெரியும், அதாவது ஏரியை மூடியிருக்கிற ஆகாயத்தாமரை தெரியும். சின்ன வயதில் அப்பா எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த மாம்பழச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. இதைச் சோகமாகச் சொல்லவில்லை, அப்படித்தான் வருகிறது.

இந்த வருடம் மழைக்கு முன்னால் எங்கள் அப்பார்ட்மென்டில் மெட்ராஸ் ஐ வந்தது. முதலில் வாட்ச்மேனுக்கு. “கண் சிவந்தவர்களை யாரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டாம், ப்ளீஸ்” என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் போட்டார். ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அத்தை சாகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே அப்பாவுக்கு வந்தது.

கேம்ப் ரோட்டில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண், என் தங்கை மகள் என்று சொல்லலாம், எனக்குத் தங்கை இருந்திருந்தால். அப்பா குனிந்து உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், “நீ நேராப் பாக்காதம்மா, ஒட்டிக்கப் போவுது” என்றார்.

அவள் சிரித்தாள். “பாத்தாலாம் பரவாது அங்கிள். நீங்க கண்ணத் தொடுறீங்க இல்ல, அந்தக் கைலதான் இருக்கு. அந்தக் கை தொட்ட துண்டு, தலகாணி, கண்ணாடி, கதவுக் கைப்பிடி. அவ்ளோதான். கைய அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்க. துண்டு, தலகாணி உறை உங்களுக்குத் தனியா. டிராப்ஸ் உங்களோடத வேற யாரும் போடக் கூடாது, முனை இமைல படாமப் போடுங்க ஆன்ட்டி. தாய்ப்பால், பூ, அதெல்லாம் வேணாம். வலி அதிகமானாலோ பார்வை மங்கினாலோ உடனே வாங்க.”

“கூலிங் கிளாஸ்?” என்றார் அப்பா.

“உங்களுக்கு வெளிச்சம் கூசினா போடுங்க. மத்தவங்களுக்காகப் போட வேண்டியதில்ல.”

எனக்கு இது புதுச் செய்தி இல்லை. எப்போதோ எங்கோ படித்திருக்கிறேன், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய் அந்த ஓட்டு வீட்டில் வைத்துப் பார்த்ததில்லை. ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. கொடியில் தொங்கிய துண்டு. சொம்புக்குள் திரும்பத் திரும்ப நனைந்த பூ. ஏர்போர்ட் வாசலில் அம்மா ஊதி ஊதித் துடைத்த கண்ணாடி. கொல்லையில் கல்லின் மேல் மல்லாந்து கிடந்த கை. பார்க்காமல் இருந்தது மட்டும்தான் வீண்.

சாயங்காலம் மருந்து போடுகிற நேரம். கையைக் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வருவது தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பாக்காத. உனக்கும் வந்துரும்.”

“டாக்டர் சொன்னது காதுல விழலியாப்பா? பாத்தா வராது.”

பக்கத்து ஃபிளாட்டில் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கினதும் அவர் கேட்டார்.

“நெஜமாவே வராதா?”

“வராது.”

“அப்ப ஏர்போர்ட்டுல நீ பாத்ததால வர்ல.”

“நான் பாக்கலப்பா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் நின்னேன்.”

“பாக்கவே இல்லியா?”

“இல்ல.”

அவர் சுவரிடமே சொன்னார். “பாத்துட்டன்னுதான் நெனச்சுகினு இருந்தேன். அங்க மொட்ட மாடில தனியாப் போட்டுட்டானுங்க இல்ல, கண்ணு எரியும். எரியும்போதெல்லாம், சரி, புள்ள போவும்போது ஒருவாட்டி பாத்துட்டுத்தான் அனுப்பிச்சிருக்குன்னு நெனச்சுப்பேன். உங்க அத்தை மாதிரி எனக்குக் கோவம்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு.”

இதைக் கேட்டு நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழுகை வரவில்லை. மருந்துப் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அத்தனை வருடம் வைத்திருந்த ஒரு நினைப்பை நான் பிடுங்கிக்கொண்டுவிட்டேன், பதிலுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று மட்டும் தேடினேன்.

“என்கிட்டேந்துதான் வந்திருக்கும்பா,” என்றேன்.

“பாத்தா வராதுன்ற.”

“கொல்லையில, தொவைக்கிற கல்லுல முதுகு காட்டி உக்காந்துக்கிட்டு கையக் குடுன்னீங்களே. என் கை கண்ணக் கசக்கி ஈரமா இருந்துச்சு. நீங்க இறுக்கிப் புடிச்சீங்க. அப்புறம் அதே கையால உங்க கண்ணக் கசக்குனீங்க. நெழல்ல பாத்தேன்.”

அப்பா தன் வலது கையை மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். காய்ப்பெல்லாம் போய் இப்போது மெத்தென்று இருக்கிற கை. பிறகு மெதுவாக நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார்.

“மேல பாருங்க,” என்றேன்.

பார்த்தார். அவர் கண் கறுப்பு இல்லை, பழுப்பு. எனக்கும் அதே பழுப்புதான். அதைச் சுற்றி வயதான சாம்பல் வளையம், அதற்கு வெளியே சிவப்பு நரம்புகள். இமையை இழுத்துப் பிடித்து, முனை படாமல் ஒரு சொட்டு. அடுத்த கண்ணில் ஒரு சொட்டு. மருந்து வழிந்து கன்னத்துக்கு வந்தது. பஞ்சால் ஒற்றி, பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் கண்ணைக் கசக்கப் போய், நடுவில் நிறுத்தி, அந்தக் கையை என் பக்கம் நீட்டினார்.

“இப்ப தொடக் கூடாதுப்பா. கண்ணு ஆறட்டும்.”

“பாக்கலாம் இல்ல?”

“பாக்கலாம்.”

கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.